அக்டோபர் மணல்

சிகாகோவிலிருந்து ஏரியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால், மிச்சிகன் ஏரி தெற்கே வளைந்து முடிகிற இடத்தில் இந்தியானா மணல்மேடுகள் தேசியப் பூங்கா வந்துவிடும். கரை நெடுக 15 மைல். பரப்பு ஏறத்தாழ 15,000 ஏக்கர். கோடை விடுமுறை நாட்களில் வண்டி நிறுத்துமிடங்கள் முற்பகலிலேயே நிரம்பிவிடும். செப்டம்பர் முதல் வாரத்துத் தொழிலாளர் தினம் கழிந்ததும் கூட்டம் கலைந்து, குடையும் பாயும் ஐஸ்பெட்டியும் வீட்டுக் கொட்டகைக்குத் திரும்பும். அதற்கும் பிறகு, அக்டோபர் பாதிக்கும் நவம்பர் முதல் வாரத்துக்கும் இடையில் வரும் ஏதாவது ஒரு சனி ஞாயிறில்தான் குழந்தைகளை இங்கே அழைத்துப் போக வேண்டும் என்பது என் கட்சி. இலைகள் நிறம் மாறும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் காட்சி வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் எங்கும் கிடைக்கும். இங்கே பார்க்க வேண்டிய பொருள் மணல். அது எங்கிருந்து வந்தது, எப்படி நகர்கிறது, எது அதைப் பிடித்து நிறுத்துகிறது, யார் அதை அள்ளிக்கொண்டு போனார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய விடை இந்த 15 மைலுக்குள் இருக்கிறது. கோடையில் அந்த விடைகள் பாதி பச்சைக்குள்ளும் மீதி குளிக்கிற கூட்டத்துக்குள்ளும் மறைந்து கிடக்கும்.

முதலில் மணல் வந்த கதை. மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக 307 மைல் நீளம். நடுவில் நின்றால் எந்தக் கரையும் தெரியாது. பனிப்பாளங்கள் சுரண்டிச் சென்ற பள்ளம் அது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளம் வடக்கே பின்வாங்கியபோது, உருகிய நீர் அதன் தென்விளிம்பில் தேங்கி ஏரியாயிற்று. அன்றைய நீர்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 60 அடி அளவு உயரம். பின்னர் மட்டம் படிப்படியாக இறங்கியது; ஒவ்வொரு படியிலும் தங்கிய காலத்தில் ஒரு கரையை எழுப்பிவிட்டு இறங்கியது. அதனால் இன்று ஏரியிலிருந்து தெற்கு நோக்கிப் போனால் ஒன்றின் பின் ஒன்றாகப் பழைய கரைகள் குறுக்கே வருகின்றன. உள்ளே போகப் போக வயது கூடுகிறது. இடைப்பட்ட தாழ்வுகளில் சதுப்பு நிலம். ஏரியின் கிழக்குக் கரையோரமும் மேற்குக் கரையோரமும் அலைகள் அரித்தெடுக்கும் மணல், நீரோட்டத்தோடு தெற்கே தள்ளப்பட்டு இந்த முனையில் வந்து சேர்கிறது. நூற்றுக்கணக்கான மைல் தூரத் திறந்த நீர்ப்பரப்பின் மேல் தடையில்லாமல் ஓடி வரும் வடக்குக் காற்றும் இந்த முனையில்தான் மோதுகிறது. மணலைக் கொண்டுவந்து கொட்டுவது நீர், தூக்கி மேடாக்குவது காற்று. காற்று ஓங்குகிற பருவம் எது என்று கேட்டால் இலையுதிர்காலமும் குளிர்காலமும் என்றுதான் விடை வரும். கோடைப் பயணி பார்ப்பது வேலை நிறுத்தப்பட்டிருக்கும் தொழிற்கூடத்தை.

இந்த மேடுகளை உலகத் தாவரவியல் வரைபடத்தில் ஏற்றியவர் சிகாகோ பல்கலைக்கழகத்து ஹென்றி கௌல்ஸ். மிச்சிகன் ஏரி மணல்மேடுகளின் தாவரங்களைப் பற்றி 1899இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இன்று பள்ளிப் பாடநூல்களில் தாவர வழிமுறை வளர்ச்சி என்ற தலைப்பில் வரும் கருத்துக்கு அடித்தளம் இட்டவற்றில் ஒன்று. 1913இல் ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் குழு ஒன்று அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்தபோது இந்த மேடுகளும் அவர்களுடைய பயணத்தில் இடம்பெற்றன. கௌல்ஸ் கண்ட உண்மை எளிமையானது. ஒரு காடு உருவாக எடுக்கும் காலத்தை யாராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனால் இங்கே கரையிலிருந்து உள்நோக்கி நடந்தால் அந்தக் காலம் முழுவதும் வரிசையாக விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. நீரோரம் வெறும் மணல். அடுத்து மாரம் புல். அதன் பின்னால் காட்டன்வுட் மரங்கள். அப்புறம் ஜாக் பைன். அதற்கும் உள்ளே கருப்பு ஓக் காடு. நீரோரத்தில் நிற்பவர் நேற்றைய மணலில் நிற்கிறார். அரை மணி நேர நடையில் ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய மேட்டில் நிற்பார்.

மாரம் புல்லைக் கொஞ்சம் குனிந்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்தப் பூங்கா முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. முழங்கால் உயரத் தாள்கள், காற்றில் சாய்ந்து நுனியால் தம்மைச் சுற்றி மணலில் வட்டம் கீறிக்கொண்டிருக்கும். அடியில் கிடைமட்டமாக ஓடும் தண்டு சிறு இடைவெளிக்கு ஒரு முறை புதிய தளிரை மேலே அனுப்பும். அதனால்தான் மணலில் புல் நூல் பிடித்ததுபோல் நேர்வரிசையில் நிற்கிறது. மற்றச் செடிகளை மணல் மூடினால் சாகும். இது மூட மூட மேலே வளரும். மணல் வந்து விழுவது நின்றுபோனால்தான் இதற்கு நோவு. நம் கடற்கரைகளில் இராவணன் மீசை செய்கிற வேலையை இங்கே இது செய்கிறது. காட்டன்வுட்டும் அப்படித்தான்: அடிமரம் புதைந்தால், புதைந்த பகுதியிலிருந்தே வேர் விடும். மணலுக்கு வெளியே குட்டைப் புதர்போல நிற்பது சில இடங்களில் உயரமான ஒரு மரத்தின் உச்சிதான்.

சரி, இதற்கும் அக்டோபருக்கும் என்ன தொடர்பு? ஜூலையில் இந்த வரிசை முழுக்கப் பச்சை. தாவரவியல் படித்தவர் இலையைப் பார்த்துப் பிரித்துவிடுவார். எட்டு வயதுக் குழந்தையால் முடியாது, அதன் பெற்றோராலும் முடியாது. அக்டோபரில் அந்தப் பச்சை உடைந்து நிறங்களாகப் பிரிகிறது. மாரம் புல் வைக்கோல் நிறம் கொள்கிறது. அதை ஒட்டி வளரும் புளூஸ்டெம் புல் செம்பு நிறமாகிறது. காட்டன்வுட் பளீரென்ற மஞ்சள். சுமாக் புதர்கள் இரத்தச் சிவப்பு. ஜாக் பைன் மட்டும் கரும்பச்சையாகவே நிற்கிறது. அதன் பின்னால் ஓக் காடு மந்தமான செம்பழுப்பு. ஈரமான தாழ்வுகளில் மேப்பிள் மரங்கள் ஆரஞ்சு. உயரமான இடத்தில் ஏறி நின்று கீழே பார்த்தால் ஒவ்வொரு நிறப் பட்டையும் ஒரு கட்டம். கௌல்ஸ் பக்கம் பக்கமாக விளக்கியதை இந்தச் சில வாரங்களுக்கு நிலம் தானே எழுதிக் காட்டுகிறது. அப்போது எந்தப் பட்டை எங்கே தொடங்குகிறது என்று காட்டப் பெரியவர்கள் தேவையில்லை, பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஏறி நிற்பதற்கு இடமும் இருக்கிறது. தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதியில், வெஸ்ட் பீச்சில், இதற்கென்றே ஒரு மரப்படிப் பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு மைலுக்கும் சற்றுக் குறைவு, படிகள் மட்டும் 250க்கு மேல். தாத்தா பாட்டி கூட வந்தாலும் நிதானமாக நின்று நின்று ஏறிவிடலாம். இன்னும் தெம்பிருந்தால் தேசியப் பூங்காவின் நடுவில் தனியாக உள்ள மாநிலப் பூங்காவில் ஜாக்சன், ஹோல்டன், டாம் என்று மூன்று மேடுகள். உயரம் முறையே 176, 184, 192 அடி. மூன்றையும் ஒரே மூச்சில் ஏறி இறங்குவதை ஒரு சவாலாகவே அறிவித்திருக்கிறார்கள். ஒன்றரை மைல் பாதையில் கூட்டிப் பார்த்தால் 552 அடி ஏற்றம். எண்களைப் பார்த்து இது என்ன பிரமாதம் என்று நினைப்பவர்கள், ஓரடி ஏறினால் அரையடி சறுக்கும் மணலில் முதல் ஐம்பது அடி ஏறிவிட்டுப் பேசட்டும். ஆகஸ்டு வெயிலில் அந்த மணல் காலைச் சுடும்; அக்டோபரில் சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறலாம், கொசுவும் இருக்காது.

வழியில் தரையைப் பார்த்து நடந்தால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. மணற்சரிவுகளில் சப்பாத்திக்கள்ளி படர்ந்திருக்கும். இலையுதிர்காலத்தில் அதன் பழங்கள் சிவந்திருக்கும். நம் ஊர்க் கள்ளி பனி கொட்டும் இந்தியானாவில் எப்படி என்று வியக்க வேண்டாம். அந்தக் குடும்பமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கப்பலேறி நம் வேலிகளுக்கு வந்தது. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. அதே மேட்டில், கள்ளிக்குச் சில கஜ தூரத்தில், ஆர்க்டிக் வட்டாரத்துக்கு உரிய பேர்பெரி என்ற தரைப்படர் செடியும் வளர்கிறது. பனிப்பாளம் பின்வாங்கியபோது வடக்குச் செடிகள் சில இங்கேயே தங்கிவிட்டன. வறண்ட புல்வெளிச் செடிகள் மேற்கிலிருந்து வந்து சேர்ந்தன. இப்படி 1,100க்கும் மேற்பட்ட இயல்தாவர இனங்கள் இந்தச் சின்னப் பரப்பில். ஒரே ஓர் எச்சரிக்கை: மூன்று மூன்று இலையாக, மிக அழகாகச் சிவந்து கிடக்கும் கொடியைப் பிள்ளைகள் இலைச் சேகரிப்புக்காகப் பறிக்கப் பார்ப்பார்கள். அது பாய்சன் ஐவி. தொட்டால் வாரக்கணக்கில் அரிப்பும் கொப்புளமும்தான்.

கௌல்ஸ் சொன்னது முழுக்கச் சரியில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்களே, அதை ஏன் பிள்ளைகளுக்குப் பாடமாகக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேடுகள் எல்லாம் கடைசியில் பீச், மேப்பிள் காடாக முடியும் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். 1958இல் ஜெரி ஆல்சன், கார்பன் காலக்கணிப்பின் துணையோடு மேடுகளின் வயதையும் மண்ணின் வளத்தையும் ஒப்பிட்டு, மிகப் பழைய மேடுகளும் கருப்பு ஓக் காடாகவே நின்றுவிட்டதைக் காட்டினார். மணலில் சத்து தங்குவதில்லை. ஓக் உதிர்க்கும் இலையும் அதை வளமாக்குவதில்லை. ஆக, எல்லா மணலும் ஒரே பாதையில் ஒரே முடிவுக்குப் போவதில்லை. இந்தத் திருத்தம் பயணத்தின் பயனைக் கூட்டத்தான் செய்கிறது. மேட்டின் முதுகில் செம்பழுப்பு, அதே மேட்டின் ஈரமான பின்சரிவில் மஞ்சளும் ஆரஞ்சும் என்று இரண்டு காடுகள் அக்டோபரில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். வயது ஒன்று, ஈரம் வேறு, காடும் வேறு. ஆல்சனின் திருத்தமும் அங்கேயே நிறத்தில் இருக்கிறது.

அடுத்த மறுப்பு, இலை பார்க்க வேண்டுமானால் வெர்மான்ட் போகலாம், மிச்சிகனின் வடக்குப் பாதிக்குப் போகலாம், இந்த ஓக் காட்டின் பழுப்பில் என்ன இருக்கிறது என்பது. வெறும் நிறத்துக்காக என்றால் அங்கேயே போகட்டும். கருப்பு ஓக் அந்தப் போட்டியில் தோற்கும். ஆனால் அங்கெல்லாம் செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கி அக்டோபர் பாதியில் வடிந்துவிடும் பருவம், இங்கே தாமதித்து வந்து தாமதித்துப் போகிறது. கோடை முழுவதும் வெயில் குடித்த ஏரி, அந்த வெப்பத்தை மெல்ல மெல்லத்தான் விடுகிறது. கரையோரத்துக்கு முதல் உறைபனி வர நாளாகும். ஏரியின் கிழக்குக் கரை நெடுக ஆப்பிள், திராட்சை, பீச் பழத் தோட்டங்கள் செழிப்பதற்கும் இதே காரணம்தான். போகிற வழியில் ஆப்பிள் தோட்டத்தில் இறங்கிப் பறித்துக் கூடை நிரப்பும் பிள்ளைகளுக்கு, அந்த ஆப்பிளும் ஏரியின் வேலைதான் என்று சொல்லி வைக்கலாம்.

குளிக்க முடியாதே என்பதுதான் குழந்தைகளின் கட்சி. அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. அக்டோபர் நீர் கணுக்காலுக்கு மேல் தாங்காது. ஆனால் இந்த ஏரியில் குளிப்பது கோடையிலும் அத்தனை சாதுவான விளையாட்டு இல்லை. அலைகள் நெருக்கி நெருக்கி வரும். காற்று வடக்கிலிருந்து வீசினால் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உருவாகும். துறைமுகச் சுவர்களின் ஓரம் இன்னும் மோசம். இலையுதிர்காலத்தில் அந்த ஏரியைத் தள்ளி நின்று பார்ப்பதே ஒரு நாள் வேலை. ஐம்பெரும் ஏரிகளில் நவம்பர் புயலுக்கு மாலுமிகள் இன்றும் அஞ்சுவார்கள். 729 அடி நீள எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் சரக்குக் கப்பல் சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கியது 1975 நவம்பர் 10ஆம் தேதி. வடக்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் கரையில் நின்றால், கணுக்கால் உயரத்தில் மணல் புகைபோல் ஓடுவதும், ஒரு கட்டைக்குப் பின்னால் வால் வாலாகப் படிவதும் தெரியும். மேடு பிறப்பது அப்படித்தான். நாள் முழுக்க அடித்த காற்று நின்றதும், காலையில் கிடந்த கட்டை காணாமல் போயிருக்கும்.

நகரும் மணல் எவ்வளவு தீவிரமான விஷயம் என்பதற்கு இந்தப் பூங்காவின் கிழக்கு முனையில் இருக்கும் மவுண்ட் பால்டி சாட்சி. 126 அடி உயர மேடு அது. புல் பிடிப்பு இல்லாததால் ஆண்டுக்குச் சில அடி தெற்கே நகர்ந்து, பின்னாலிருக்கும் ஓக் காட்டை உயிரோடு விழுங்கிக்கொண்டிருக்கிறது. 2013 ஜூலையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் அதன் சரிவில் திடீரென மணலுக்குள் போய்விட்டான். மூன்று மணி நேரத்துக்கு மேல் தோண்டி, சுமார் 11 அடி ஆழத்திலிருந்து உயிரோடு மீட்டார்கள். முன்பு புதைந்த மரங்கள் உள்ளே உளுத்து, அடிமரம் இருந்த இடம் குழாய்போல் வெற்றிடமாக நின்றிருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. அன்றிலிருந்து மேட்டின் உச்சிக்குப் பூங்காக் காவலர் அழைத்துப் போகும் நடையில் மட்டுமே போகலாம். பெற்றோர் இதைக் கேட்டுப் பயந்து போக வேண்டியதில்லை. கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாமலிருந்தால் போதும். பால்டியின் முகத்தில் புல் நிற்காததற்கும் ஒரு காரணம் கிழக்கே தெரியும். மிச்சிகன் சிட்டி துறைமுகச் சுவர்கள் நீரோட்டத்தோடு வரும் மணலை மறித்துவிட்டன. சுவருக்கு இந்தப் பக்கம் மணல் வரத்து குறைந்து, கரை அரித்துக்கொண்டே போகிறது. இன்று வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டி ஈடுகட்டுகிறார்கள்.

இங்கேதான் மிகக் கனமான மறுப்பு வருகிறது. இது தேசியப் பூங்காவா? எந்த மேட்டில் ஏறினாலும் ஒரு பக்கம் உருக்காலைப் புகை, இன்னொரு பக்கம் அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம், நடுவில் துறைமுகம். யெல்லோஸ்டோனையும் கிராண்ட் கேன்யனையும் பார்த்த கண்ணுக்கு இது தேசிய அவமானமாகவே தோன்றலாம். இலை உதிர்ந்து காற்று தெளிந்த அக்டோபரில் இந்த அசிங்கம் இன்னும் துலக்கமாகத் தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புகையின் வரலாற்றைத் தெரிந்துகொண்டவர்கள் அதைக் காட்சியிலிருந்து நீக்கச் சொல்ல மாட்டார்கள்.

மிச்சிகன் சிட்டி துறைமுகத்தின் வாயிலில் ஹூசியர் ஸ்லைட் என்று ஒரு மேடு இருந்தது. சுமார் 200 அடி உயரம். இன்றுள்ள டாம் மேட்டையும் மிஞ்சியது. சிகாகோவிலிருந்து நீராவிக் கப்பலில் சுற்றுலா வந்தவர்கள் ஏறிச் சறுக்கிய மேடு. கண்ணாடிக்கு அதன் மணல் உகந்தது என்று கண்டதும் வண்டி வண்டியாக அள்ளத் தொடங்கினார்கள். மன்சி நகரின் பால் சகோதரர்கள், அமெரிக்க வீடுகளில் ஊறுகாயும் பழப்பாகும் போட்டு வைக்கும் ஜாடிகளுக்காக அதை வாங்கினார்கள். 1920 வாக்கில் மேடு முழுவதும் காலி. அந்தத் தரையில் நிற்பதுதான் இன்றைய அனல்மின் நிலையம். மேற்கே, 1906இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் மேடுகளைச் சமன்படுத்தி கேரி என்ற நகரத்தையே எழுப்பியது. தேசியப் பூங்காத் துறை தொடங்கிய 1916ஆம் ஆண்டிலேயே அதன் முதல் தலைவர் ஸ்டீபன் மேதர் சிகாகோவில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தி, இங்கே தேசியப் பூங்கா வேண்டும் என்றார். உலகப் போர் வந்தது, பேச்சு நின்றது. 1925இல் இந்தியானா அரசு தன் பங்குக்கு மூன்று மைல் கரையை மாநிலப் பூங்காவாக்கிக் காப்பாற்றியது.

மிச்சத்துக்காக 1952இல் டோரதி புவெல் என்ற பெண்மணி மணல்மேடு காப்பு மன்றம் ஒன்றைத் தொடங்கினார். இந்தியானாவின் அரசியல்வாதிகளில் பலர் துறைமுகமும் உருக்காலையும் கேட்டார்கள். மேடுகளுக்காக வாஷிங்டனில் வாதாட வந்தவர் பக்கத்து மாநிலமான இல்லினாயின் செனட்டர் பால் டக்ளஸ். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே பூங்காவின் நெஞ்சுப்பகுதி என்று கருதப்பட்ட நடு மேடுகளைப் பெத்லகேம் ஸ்டீல் இயந்திரங்கள் தரைமட்டமாக்கின. அள்ளிய மணல் எங்கே போயிற்று என்று கேட்டால் சிரிக்கவா அழவா என்று தெரியாது: எவன்ஸ்டனில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஏரியைத் தூர்த்துத் தன் வளாகத்தை விரிவாக்க அது பயன்பட்டது. இன்று அந்தப் புல்தரையில் உட்கார்ந்து படிக்கும் மாணவர்களின் அடியில் இருப்பது இந்த மேடுதான். கடைசியில் துறைமுகமும் கிடைத்தது, பூங்காவும் கிடைத்தது. 1966 நவம்பரில் ஏரிக்கரைப் பாதுகாப்புப் பகுதியாகச் சட்டமானது. 2019 பிப்ரவரி 15 அன்று நாட்டின் 61ஆவது தேசியப் பூங்காவாகப் பெயர் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், அந்த உருக்காலையிலிருந்து ஆற்றில் கலந்த சயனைடும் அம்மோனியாவும் ஆயிரக்கணக்கான மீன்களைக் கொன்று, கரையோரங்களை மூட வைத்தது.

பெரிய பூங்காக்கள் இயற்கையைத் தனியே நிறுத்திக் காட்டுகின்றன. அங்கே போய்வரும் குழந்தை, காடு ஒரு பக்கம் தொழிற்சாலை இன்னொரு பக்கம் என்று நினைத்துக்கொண்டு திரும்பும். இங்கே ஊறுகாய் ஜாடியும் காரின் தகடும் கல்லூரி வளாகமும் எதிலிருந்து வந்தன என்று டாம் மேட்டின் உச்சியிலிருந்து விரல் நீட்டிக் காட்டலாம். உருக்காலையில் வேலை பார்த்தவர்கள்தாம் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கரைக்கும் வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆலை தீமை, மேடு நன்மை என்று கதையை எளிதாக்கினால் அது பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயமாகாது. இந்த நிலத்தின் முந்தைய உரிமையாளர்களான பொட்டவாட்டமி மக்களில் பலரை 1838இல் துப்பாக்கி முனையில் கான்சஸுக்கு நடத்திச் சென்றார்கள் என்பதும் அந்தக் கணக்கில் வரும். போகெகன் பிரிவினர் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இந்த வட்டாரத்திலேயே தங்கி, இன்றும் இருக்கிறார்கள்.

இவ்வளவு பேர் நடந்தால் மேடு என்னாகும் என்ற கவலையும் உண்டு. மாரம் புல் மணலையும் புயலையும் தாங்கும், செருப்புக்காலைத் தாங்காது. ஒரே தடத்தில் பலர் ஏறினால் புல் சாகும். அந்த வெறுமையில் காற்று வாய் வைத்துக் கிண்ணம்போல் தோண்டிவிடும். பிடிப்பு போனால் மணல் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சியாக வடக்கே மிச்சிகன் மாநிலத்தில், சாகடக் அருகே, சிங்கப்பூர் என்றொரு ஊர் இருந்தது. (நம் சிங்கப்பூருக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை.) 1830களில் எழுந்த மரம் அறுக்கும் ஊர் அது. 1871 அக்டோபரில் சிகாகோ பற்றி எரிந்தது. நகரத்தைத் திரும்பக் கட்ட மரம் வேண்டியிருந்தது. ஊரைச் சுற்றியிருந்த காடு முழுவதும் மொட்டையானது. நான்கைந்து ஆண்டுகளில் மணல் எழுந்து வந்து ஊரை மூடிவிட்டது. ஆகவே பாதையை விட்டு இறங்காதே என்ற பலகை சும்மா வைத்த பலகை இல்லை. இலையுதிர்காலப் பயணத்துக்கு இதிலும் ஒரு சாதகம்: ஆட்கள் குறைவு, ஈர மணல் இறுகியிருக்கும், நீரோரமாகவே மைல்கணக்கில் நடக்கலாம்.

இரண்டு நாளை எப்படிப் பங்கிடுவது என்பது குடும்பத்தின் கால் வலுவைப் பொறுத்தது. சனிக்கிழமை வெஸ்ட் பீச் படிப்பாதையும் மாநிலப் பூங்காவின் மேடுகளும் போதும். மாலையில் பெவர்லி ஷோர்ஸ் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டினால், 1933 சிகாகோ உலகக் கண்காட்சிக்காகக் கட்டி, 1935இல் பெரும்பாலும் ஏரி வழியாகவே மிதவையில் கொண்டுவந்து வைத்த ஐந்து வீடுகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். எதிர்கால வீடு என்று அன்றைக்குப் பெயரிட்ட ஒன்றில் காருக்கு மட்டுமின்றிச் சொந்த விமானத்துக்கும் கொட்டகை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லை தாண்டி மிச்சிகனின் வாரன் மணல்மேடுகள் மாநிலப் பூங்காவுக்குப் போகலாம். ஒன்றுக்கும் உதவாத மணல் என்று எல்லோரும் ஒதுக்கிய இடத்தையும், பக்கத்தில் கோடரி படாத பீச், மேப்பிள் காட்டையும் எட்வர்ட் வாரன் என்ற வியாபாரி காப்பதற்காகவே வாங்கிப்போட்டார். வான்கோழி இறகின் தண்டிலிருந்து பெண்களின் இடைக்கச்சுக்கு விறைப்புப் பட்டை செய்து அவர் பணம் சம்பாதித்தவர். எல்லை தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். மதிய உணவுக்கு மேசை சொல்லி வைத்தவர்கள் அதை மறக்கக் கூடாது. நவம்பருக்குத் தள்ளிப் போட்டவர்கள் வாரனுக்குப் பதில் தெற்கே ஜாஸ்பர் புலாஸ்கி காட்டுயிர்ப் பகுதிக்குத் திரும்பலாம். ஃபிளாரிடாவை நோக்கி வலசை போகும் பெருங்கொக்குகள் பத்தாயிரத்துக்கும் மேல் அங்கே சாயங்காலம் வயலிலிருந்து வந்து இறங்கும். அந்த இரைச்சலில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது.

வண்டி இல்லாதவர்கள் சிகாகோவின் மில்லினியம் நிலையத்தில் சவுத் ஷோர் ரயிலேறி டியூன் பார்க் நிலையத்தில் இறங்கலாம். மாநிலப் பூங்காவின் வாசல் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வண்டியில் போகிறவர்கள் இரண்டு கட்டணத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். மாநிலப் பூங்கா தேசியப் பூங்காவின் நடுவில் இருந்தாலும் நிர்வாகம் தனி. ஒன்றின் சீட்டு மற்றொன்றில் செல்லாது. தேசியப் பூங்கா 2022 முதல்தான் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது, எந்த ஊர் வண்டியானாலும் ஒரே தொகை. மாநிலப் பூங்காவிலோ வெளிமாநில வண்டிக்குக் கட்டணம் கூடுதல். இந்த மேடுகளுக்காக எட்டாண்டுகள் செனட்டில் போராடிய பால் டக்ளஸ் இன்று தன் இல்லினாய் பதிவெண் வண்டியில் வந்தாலும் அந்த வாசலில் அதிகப்படிதான் கொடுக்க வேண்டியிருக்கும்.